காது, டீச்சர்

முதல் மாதம் எனக்குப் புரியவில்லை.
எதைச் சொன்னாலும் மொகிலி எழுந்து
"காது, டீச்சர்" என்பான்.
காதுவலி என்று நினைத்து
இரண்டு முறை பரதராமி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.
காது சுத்தம் என்று
சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள்.

தெலுங்கில் காது என்றால்
அப்படி இல்லை.

செக்போஸ்டுக்கு இரண்டு வளைவு முன்னால் பள்ளி.
ஆடி முடியும்வரை சாலை முழுக்கக் கிளிமூக்கு மாங்காய்.
கூழ் ஆலை வாசலில்
டிராக்டர்கள் ராத்திரியெல்லாம் நிற்கும்.
பிள்ளைகளின் உதட்டோரம்
மாம்பால் சுட்ட கறுப்பு.

அன்றைக்குப் பாடம், பழமும் விதையும்.
மேசைமேல் ஒரு பப்பாளி, இரண்டு கொய்யா,
மலையிலிருந்து யாரோ பறித்துவந்த முதல் சீதா,
தலைமையாசிரியர் சாப்பாட்டுப் பையிலிருந்து
கேட்டு வாங்கிய ஒரு வாழைப்பழம்.

சீதாவின் கொட்டைகளைத் தனுஜா எண்ணினாள்.
நாற்பத்து மூன்று. திரும்ப எண்ணினால்
நாற்பத்து இரண்டு.
"முழுங்கிட்டா டீச்சர்" என்றாள் ரிஸ்வானா,
"இனிமே வயித்துல மரம்தான்."
இலை காது வழியாக வருமா
மூக்கு வழியாக வருமா என்று
அரைமணி நேரம் அழுகை.

"வாழைக்கு எங்க?" என்றார்கள்.
நடுவில் கீறி, கறுப்புப் புள்ளிகளைக் காட்டினேன்.
"இதுவா விதை?"
விதையாகப் பார்த்தது, முடியவில்லை என்றேன்.
கொஞ்ச நேரம் யாரும் அந்தப் பழத்தைத் தொடவில்லை.
பிறகு தின்றுவிட்டார்கள்.

பலகையில் வட்டம் போட்டேன்.
விதை, செடி, மரம், பழம், மறுபடி விதை.
அம்புக்குறிகள் அழகாக வந்திருந்தன.
இந்த மாங்கொட்டையை நட்டால்
இதே மாம்பழம், என்றேன்.

"காது, டீச்சர்."

ஆலைக்குப் பின்னால் கொட்டை மலை இருக்கிறது.
நம் பள்ளிக்கூடத்தைவிட உயரம்.
புளித்த வாடை, ஈ, மேலே நாலு காக்கா.
அவன் அம்மா முனெம்மா அதிலிருந்து
மூட்டை மூட்டையாக அள்ளி
நர்சரி லாரியில் ஏற்றுகிறவள்.
"கொட்டை போட்டா எது வரும்னு சொல்ல முடியாது டீச்சர்.
நாராவும் வரும், புளிப்பாவும் வரும்.
முளைச்சதும் தலைய வெட்டணும்.
நல்ல மரத்துக் குச்சிய வெச்சுக் கட்டணும்.
அப்பத்தான் கிளிமூக்கு."

கேட்டுக்கொண்டு நிற்காமல்
என் பென்சில்சீவி பிளேடை எடுத்தான்.
தன் பென்சிலின் மொட்டை முனையைப் பிளந்தான்,
வேப்பங்குச்சி ஒன்றை ஆப்பாகச் சீவினான்,
செருகினான். கட்டத் துணி இல்லை.
தனுஜாவின் இடது பின்னலிலிருந்து
ரிப்பனை உருவிக்
கீழிருந்து மேலாகச் சுற்றினான்,
தண்ணீர் இறங்காதபடி,
அவன் அம்மா சொல்லியிருப்பாள்.

"அப்ப, கொட்டைக்குள்ள இருந்தது என்ன?"
ரிஸ்வானா கேட்டாள்.
"யாருக்குத் தெரியும்?
வெட்டாம விட்டாத்தானே?"

வீட்டில் தெலுங்கும் உருதும் பேசி
என்னிடம் தமிழில் ஒப்பிக்கிற
இருபத்தேழு பேரைப் பார்த்தேன்.
ஓர் உவமை நாக்கு நுனிவரை வந்தது.
தனுஜாவைப் போல விழுங்கிவிட்டேன்.
பலகையில் ஓர் அம்புக்குறியை மட்டும்
விரலால் அழித்தேன்.
அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று
புத்தகத்தில் இல்லை.

மணி அடித்ததும் தனுஜா
ரிப்பனைக் கேட்டாள்.
மொகிலி பென்சிலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டான்.
"நாப்பது நாள் ஆகணும்.
அதுக்குள்ள அவுத்தா செத்துடும்."

அவள் என்னைப் பார்த்தாள்.
நான் மொகிலியைப் பார்த்தேன்.

இன்று பதினோராம் நாள்.
ஜன்னல் விளிம்பில் நிற்கிறது பென்சில்.
தனுஜா ஒற்றைப் பின்னலோடு வந்து
முதல் வேலையாக
அதைத் தொடாமல் பார்த்துவிட்டுப்
போய் உட்காருகிறாள்.